போர்க் டெண்டர்லொயினும் அன்னாசியும்: சனிக்கிழமை விருந்துக்கு என்ன பண்ணலாம்

கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மேலோட்டமா பாத்தா 'போர்க் டெண்டர்லொயினுக்கு எந்த பழம் சேரும்'னு கேட்ட மாதிரி தான் இருக்கு, ஆனா கீழ நீங்க எழுதியிருக்கிற விவரத்த பாத்தா விஷயம் வேற. கேஎல் (கோலாலம்பூர்) செத்தாப்பாக்ல கொண்டோ வீடு, மேசை மேல வைக்கிற சின்ன அவன் (oven), வர்ற சனிக்கிழமை ராத்திரி மாமா அத்தை சேர்த்து 6 பேர், கையில ரெண்டு டெண்டர்லொயின் (பன்னியோட முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கிற மெத்துன்ன கறி), மொத்தம் 900 கிராம். போன மாசம் செஞ்சப்போ அன்னாசிய ப்ளெண்டர்ல அரைச்சு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு மறுநாள் 180 டிகிரியில 45 நிமிஷம் வச்சீங்க, வெளிப்பக்கம் கொழகொழன்னு ஆயிடுச்சு, உள்பக்கம் சக்கையா காஞ்சு போச்சு. இதுல அத்தை வேற 'உள்ள ரோஸா இருந்தா நான் தொடவே மாட்டேன்'னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அப்போ நீங்க உண்மையில கேக்குறது மூணு: ஒரே துண்டு கறி எப்படி ஒரே நேரத்துல கொழைஞ்சும் போகும் காஞ்சும் போகும், பழத்த எப்போ எப்படி சேக்கணும், பெரியவங்களுக்கு எவ்ளோ வேக வச்சா பயமில்லாம இருக்கும். எது எந்த பழம்ங்கிறது கடைசி கேள்வி தான். ஒரு வரியில பதில் வேணும்னா, பழத்தையும் கறியையும் தனித்தனியா சமைங்க, ரெண்டும் தட்டுல சந்திச்சா போதும். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளம் தான், டீ போட்டுட்டு வந்து படிங்க.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல நோன் ஹலால் வெஸ்டர்ன் கடைங்க கிச்சன்ல ரொம்ப வருஷம் அடுப்பு பக்கம் நின்னவன், இப்போ வீட்டு விசேஷங்களுக்கு கேட்டரிங் எடுத்து செய்றேன். டாக்டர் இல்ல. அதனால சூடு, உப்பு, நேரம் இதெல்லாம் அடிச்சு சொல்லுவேன், நோய்நொடி இருக்கிறவங்க சமாச்சாரம் வந்தா பொதுவா தெரிஞ்சத மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிக்குவேன். உங்க அவனையும் நான் பாத்ததில்ல, மேசை அவன் எல்லாம் முகப்புல 200ன்னு காட்டும் உள்ள 170 தான் இருக்கும், இல்ல பின்பக்கம் மட்டும் கருக்கும், அதனால நான் சொல்ற நிமிஷக் கணக்க வேதவாக்கா எடுத்துக்காதீங்க, டிகிரி கணக்க மட்டும் எடுத்துக்கங்க.

முதல்ல நீங்க வாங்கினது டெண்டர்லொயின் தானான்னு ஒரு தடவ பாத்துருங்க, சூப்பர்மார்க்கெட் நோன் ஹலால் செக்‌ஷன்ல லொயினும் டெண்டர்லொயினும் பக்கத்து பக்கத்துல இருக்கும், லேபிள்ல சில சமயம் வெறும் ஃபில்லெட்டுன்னு போட்டிருப்பாங்க. டெண்டர்லொயின்னா மணிக்கட்டு தடிமன்ல நீளமா, ஒரு முனை வால் மாதிரி சூம்பி இருக்கும், ஒண்ணு 400லேர்ந்து 500 கிராம் வரும், மேல கொழுப்பே இருக்காது. லொயின்னா அகலமா, மேல வெள்ளையா ஒரு பட்டை கொழுப்போட இருக்கும், அதுக்கு நேரம் வேற. உங்க எடைய வச்சு பாத்தா சரியா தான் வாங்கியிருக்கீங்க, ஆளுக்கு 150 கிராம், சோறு கூட்டோட சாப்பிட்டா தாராளமா போதும். அடுத்த தடவ பசார்ல வாங்குறதா இருந்தா, புடு பசாரா இருந்தாலும் சரி எங்க ஊர் புலாவ் திக்குஸ் பசாரா இருந்தாலும் சரி, காலையிலயே போங்க, ஒரு பன்னிக்கு ரெண்டே ரெண்டு தான் இது வரும், சீன சமையக்காரங்க சீக்கிரமே தூக்கிட்டு போயிருவாங்க. பேர் சொல்லத் தெரியலன்னா முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற கொழுப்பில்லாத நீளக் கறின்னு கைய காட்டி கேட்டா வெட்டித் தருவாங்க.

அந்த எடம் பன்னி ஓடியாடுறதுக்கு அதிகம் உழைக்காத தசை. அதனால மெத்துன்னு இருக்கும், கொழுப்பும் கிடையாது, சவ்வு நார் அதிகம் கிடையாது. நம்ம வீடுங்கள்ல பன்னிக்கறின்னா வருவல் தான், மூணு அடுக்கு கறிய, அதான் சாம் சான் பாக், மசாலாவோட போட்டு ஒரு மணி நேரம் சுண்ட விடுவோம், அது நேரம் ஆக ஆக தான் ருசி, ஏன்னா அதுல இருக்கிற சவ்வு எல்லாம் மெதுவா கரைஞ்சு வழுவழுன்னு ஆகும், கொழுப்பு வேற இருக்கு. டெண்டர்லொயின்ல கரையிறதுக்கே ஒண்ணும் இல்ல. உள்சூடு 65 தாண்டும்போதே நார் இறுகி தண்ணிய வெளிய பிழிய ஆரம்பிச்சிரும், 75, 80 போனா முடிஞ்சது. 180ல 45 நிமிஷம்னா உங்க கறி 80 தாண்டி எப்பவோ போயிருக்கும். நம்மாளுங்க பழக்கம் என்னன்னா கறி கெட்டியா இருந்தா இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு விடுறது, ஆட்டுக்கறிக்கும் வயித்துக்கறிக்கும் அது சரி, இதுக்கு அது தலைகீழ்.

இப்போ அத்தையோட ரோஸ் விஷயம். இதுல உறுதியா தெரிஞ்சது: அமெரிக்க விவசாயத் துறை முன்னாடி பன்னிக்கறிக்கு 71 டிகிரின்னு வச்சிருந்தாங்க, 2011ல முழுத் துண்டுக்கு 63 டிகிரி, அதுக்கப்புறம் 3 நிமிஷம் ஆற விடணும்னு கொறைச்சாங்க. கொத்துக்கறிக்கு இன்னும் 71 தான், ஏன்னா அரைக்கும்போது வெளிப்பக்க கிருமி உள்ள போயிரும். ட்ரிகினெல்லான்னு ஒரு புழு இருக்கு, பழைய காலத்துல எல்லாரும் பன்னிக்கறிய கருக்குனதுக்கு அது தான் பெரிய காரணம், 63 டிகிரிய அது தாங்காது. நீங்க வாங்கினது உறைஞ்ச கறியா இருந்தா கூடுதல் நிம்மதி, மைனஸ் 15 டிகிரியில 20 நாள் இருந்தாலே அந்த புழு செத்துரும்னு தான் 2018 வரைக்கும் அங்க விதியே இருந்துச்சு. கலர பாத்து முடிவு பண்றது தான் ஏமாத்து வேலை, நல்லா வெந்த கறியும் சில சமயம் ரோஸா இருக்கும், வேகாத கறி சில சமயம் வெளுத்து வெந்த மாதிரி தெரியும். அதனால குத்திப் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிருங்க, பேக்கிங் சாமான் விக்கிற கடையில எல்லாம் இருக்கு, இந்த விருந்துக்கு நீங்க செலவு பண்றதுலயே உருப்படியான காசு அது தான்.

ஆனா நான் 63ன்னு சொல்லிட்டேன்ங்கிறதுக்காக அத்தை தட்டுல ரோஸா வச்சு வாதம் பண்ணாதீங்க. நம்ம பெரியவங்க பயத்துக்கு காரணம் இருக்கு. 1998 கடைசியில ஈப்போ பக்கம் ஆரம்பிச்சு 1999ல நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் போன நிப்பா வைரஸ் நோய் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், நூறு பேருக்கு மேல போயிட்டாங்க, கிட்டத்தட்ட பத்து லட்சம் பன்னிய கொன்னு பொதைச்சாங்க, பல வீடுகள்ல அதோட பன்னிக்கறி வாங்குறதையே நிறுத்துனாங்க. அதுல பழத்துக்கும் ஒரு பங்கு இருந்துச்சு பாருங்க, பண்ணையில கொட்டாய ஒட்டி பழமரம், வவ்வா கடிச்சு போட்ட பழம் கீழ விழ பன்னி அத தின்னு தான் தொத்தியிருக்கும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க. நோய் வந்தது பெரும்பாலும் பண்ணையில பன்னியோட புழங்குனவங்களுக்கு, கடையில வாங்கி சமைச்சு சாப்பிட்டவங்களுக்கு இல்ல. இப்போ பேப்பர்ல அடிக்கடி வர்ற ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சல் மனுசனுக்கு தொத்தவே தொத்தாது, அது பண்ணைக்காரருக்கு தான் நஷ்டம், நமக்கு வெலை ஏறும் அவ்ளோ தான். இதெல்லாம் தெரிஞ்சும் அவங்க மனசு ஒப்பலன்னா ஒப்பல தான். அதுக்கு வழி இருக்கு: ஒரு டெண்டர்லொயின 61ல எடுத்து, ஆறும்போது தன்னால 63 தாண்டினதும் உங்களுக்கும் மனைவிக்கும் வைங்க, இன்னொண்ண 66ல எடுங்க, ஆறும்போது தன்னால 69, 70 வரும், ரோஸ் பெரும்பாலும் போயிரும், முன்ன சொன்ன 80 அளவுக்கு காயாது, குழம்ப அது மேல தாராளமா ஊத்தி குடுங்க. வயசானவங்க, மாசமா இருக்கிறவங்க, கீமோ மாதிரி சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு நான் எப்பவும் இந்த ரெண்டாவது கணக்குல தான் செய்வேன். எஸ்டேட் பக்கத்து கூட்டாளி யாராச்சும் காட்டுப்பன்னி குடுத்தா மட்டும் 63 கணக்க மறந்துருங்க, அத முழுசா 71க்கு மேல வேக வச்சு தான் சாப்பிடணும், ஃப்ரீஸர்ல வச்சா புழு செத்துரும்ங்கிறதையும் காட்டுக்கறியில நம்ப முடியாது.

சரி, கொழகொழ. பச்ச அன்னாசியில ப்ரோமலேன்னு ஒரு என்சைம் இருக்கு, அதோட வேலையே புரதத்த அறுக்குறது, அன்னாசி நெறைய தின்னா நாக்கு சுருக்குன்னு எரியிறதும் அதால தான். ராத்திரி முழுக்க கறி அதுல கெடந்தா மேல்பக்கம் அரை சென்டிமீட்டர் அளவுக்கு நாரே இல்லாம கூழாயிரும். அதோட முடியல, அது 50, 60 டிகிரியில தான் வெறியா வேலை செய்யும், உங்க கறி அவன்ல மெதுவா சூடேறும்போது அந்த எடத்த தாண்டி தான போகணும், அப்போ மறுபடி ஒரு தடவ அறுக்கும், அதுக்கப்புறம் தான் சூட்டுல சாகும். நம்ம ஆளுங்க ஆட்டுக்கறிக்கு பப்பாளிக்காய் அரைச்சு போடுறதும் இதே சங்கதி, அதுல இருக்கிற பப்பேன் சூட்டையும் இன்னும் அதிகமா தாங்கும். முரட்டுக் கறிக்கு அது உதவி, பொறக்கும்போதே மெத்துன்னு இருக்கிற டெண்டர்லொயினுக்கு எதுக்கு? கிவி, அத்திப்பழம், பச்ச இஞ்சிச் சாறு எல்லாத்துலயும் இதே வகை என்சைம் உண்டு. டின் அன்னாசியில இல்ல, டின்ல அடைக்கும்போதே சூடு பண்ணிடுறாங்க, அதனால தான் ச்சூ சார் கடையில (சீன சாப்பாட்டுக் கடை) ஸ்வீட் சவர் போர்க்குக்கு டின் அன்னாசி போட்டாலும் கறிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா டின் பழம் பாகுல ஊறி திகட்டும், எனக்கு புடிக்காது. நல்ல பழத்த வாங்கி அத தனியா சூடு காட்டிட்டா என்சைம் கதை அங்கயே முடிஞ்சது.

எந்த பழம்னு கேட்டீங்கள்ல, அதுக்கு முன்ன ஒரு விஷயம். வெள்ளக்காரன் பன்னிக்கறிக்கு ஆப்பிள் சாஸ் வச்சான்னா அது கொழுப்போட தோலோட ரோஸ்ட் பண்ண கறிக்கு, அந்த கொழுப்ப அறுக்கத்தான் ஆப்பிள் புளிப்பு. இங்க கொழுப்பே இல்ல, வெறும் இனிப்புப் பழத்த போட்டா சாப்பாடா டெசர்ட்டான்னு தெரியாத ஒண்ணு தான் வரும். அதனால பழம் புளிக்கணும், கூட கொஞ்சம் உப்பு, உறைப்பு இருக்கணும், கடைசியில கொஞ்சம் பட்டர் வந்து அந்த இல்லாத கொழுப்ப ஈடு கட்டணும். பினாங்கு ரோஜாக் சாப்பிட்ட நாக்குக்கு இத சொல்லித்தர வேணாம், பழத்தோட உப்பும் உறைப்பும் எறால் பேஸ்ட்டும் எப்படி சேருதுன்னு நமக்கு சின்ன வயசுலயே தெரியும். அன்னாசியில எம்டி டூ ரகம் நல்ல இனிப்பு ஆனா புளிப்பு கம்மி, வெட்டி வச்சு சாப்பிடுறதுக்கு ராஜா, சமையலுக்கு எனக்கு மோரிஸ் மாதிரி சின்னதா புளிப்பா இருக்கிறதும், 1996ல மலேசிய விவசாய ஆராய்ச்சி நிலையம் மார்டி வெளியிட்ட ஜோசபைனும் தான் புடிக்கும், முழுசா பழுக்காம முக்கால் பழமா பாத்து வாங்குங்க. எம்டி டூ தான் கெடைச்சுதுன்னா எலுமிச்சையோ லிமாவ் கஸ்தூரியோ கூட ரெண்டு புழிஞ்சா சரியாயிரும். மாம்பழம்னா பழுத்த ஹாருமானிஸ அடுப்புல போட்டு கெடுக்காதீங்க, அந்த வெலைக்கு அது பாவம், செங்காயா இருக்கிற சாதாரண மாங்கா போதும். ஆப்பிள்னா பச்ச ஆப்பிள், தோலோட தடியா வெட்டி பட்டர்ல வதக்கி சோம்பு போட்டா கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு அருமையா இருக்கும்.

எங்க ஊர்ல நான் அதிகமா செய்யிறது அம்ராவும் (புளிப்பான ஒரு பழம்) அசாம் பாயும் (உப்புல போட்டு காய வச்ச பிளம்). அம்ரா ஜூஸ்ல அசாம் பாய் போட்டு குடிப்பீங்கள்ல, அதே ஜோடி தான். அசாம் பாய் நாலு எடுத்து ஒரு கப் தண்ணியில கொதிக்க விட்டா உப்பு புளிப்பு இனிப்பு மூணும் அதுலேர்ந்தே வந்துரும், அதுல அம்ராவ துருவி போட்டு ஒரு சின்ன துண்டு குலா மலாக்கா வெல்லம் சேத்து சுண்ட விட்டா கண்ணாடி மாதிரி ஒரு சாஸ் கெடைக்கும், ஆனா அசாம் பாய் ஏற்கனவே உப்புல கெடந்தது, அதனால கறியில உப்ப பாதியா கொறைங்க. பாலிக் புலாவ் பக்கம் போனா ஜாதிக்காய் பழம் கெடைக்கும், அதோட சதைய மெல்லிசா சீவி வினிகர் சீனியில போட்டு வச்சா கறி பக்கத்துல ஊறுகா மாதிரி வைக்கலாம், கேஎல்ல தேடி அலைய வேணாம். ஒரே ஒரு எச்சரிக்கை, நட்சத்திரப் பழம், அதான் பெலிம்பிங், பாக்க அழகா இருக்குன்னு அலங்காரத்துக்கு கூட வைக்காதீங்க உங்க வீட்டுக்கு வர்றவங்கள்ல யாருக்காச்சும் கிட்னி பிரச்சனை இருந்தா. கிட்னி சரியா வேலை செய்யாதவங்களுக்கு அந்த பழம் விஷம், விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு, உயிர் போற அளவுக்கு கூட போயிருக்கு. நம்ம ஊர்ல சக்கரை வியாதியும் டயாலிசிஸும் எந்த வீட்டுல இல்ல, அதனால கேட்டுட்டு வைங்க. டுரியான் போடலாமான்னு கீழ ஒருத்தர் கேட்டிருந்தார், வேணாம் ப்ரோ.

இப்போ செய்முறை, உங்க 900 கிராமுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி, உறைஞ்ச கறியா இருந்தா வியாழக்கிழமையே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்தி உருக விட்டுருங்க, நம்ம ஊர் வெக்கையில சிங்க்ல வச்சு உருக்காதீங்க. கறி மேல ஒரு பக்கம் வெள்ளி கலர்ல பளபளன்னு ஒரு சவ்வு இருக்கும், இத எடுக்காம விட்டா எவ்ளோ வேக வச்சாலும் கரையாது, சூட்டுல சுருங்கி கறிய வில்லு மாதிரி வளைச்சிரும், வாயில ரப்பர் மாதிரி இழுக்கும். சின்ன கத்தி முனைய அந்த சவ்வுக்கு அடியில சொருகி, ஒரு ஓரத்த விரல்ல புடிச்சு இறுக்கி, கத்திய கறிப்பக்கம் சாய்க்காம சவ்வுப் பக்கம் லேசா மேல தூக்கின மாதிரி வச்சு இழுத்தா நாடாவா வந்துரும், நாலு இழுப்புல முடிஞ்சிரும். வால் முனைய உள்பக்கம் மடிச்சு நூல்ல ஒரு கட்டு கட்டுங்க, இல்லன்னா அது மட்டும் முன்னாடியே வெந்து காயும். அப்புறம் உப்பு, கறி எடையில நூத்துல ஒண்ணு, அதாவது 9 கிராம், கிட்டத்தட்ட ஒண்ணரை டீஸ்பூன் தூள் உப்பு, எல்லாப் பக்கமும் தடவி மூடாம ஃப்ரிட்ஜ்ல வைங்க. உப்பு மட்டும் தான் ராத்திரியோட ராத்திரியா உள்ள எறங்கும், மசாலா பழச்சாறு எல்லாம் மேல சில மில்லிமீட்டர் தான் போகும், அதனால 24 மணி நேரம் ஊற வச்சேன்னு பெருமைப்படுறதுல அர்த்தமில்ல. சனிக்கிழமை சமைக்கிறதுக்கு முன்ன மேல ஈரத்த டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு, வறுத்து பொடிச்ச சோம்பு ரெண்டு டீஸ்பூன், மல்லி ஒரு டீஸ்பூன், கருமிளகு ஒரு டீஸ்பூன் தடவுங்க. பன்னிக்கறிக்கு சோம்ப விட்டா வேற மசாலா தேவையில்லங்கிறது என் கட்சி, மஞ்சள்தூள் போட்டே ஆகணும்னா போட்டுக்கங்க.

அவன 200ல நல்லா சூடு பண்ணுங்க. கனமான சட்டியில, நோன்ஸ்டிக் வேணாம், எண்ணெய் ரெண்டு ஸ்பூன் விட்டு பொகை லேசா வரும்போது கறிய போட்டு நாலு பக்கமும் திருப்பி திருப்பி மொத்தம் 6 நிமிஷம் செவக்க விடுங்க. இப்படி செவக்க வச்சா சாறு உள்ளயே பூட்டிக்கும்னு சொல்றது பொய், அப்படி ஒண்ணும் பூட்டாது, வாசனைக்கும் ருசிக்கும் தான் இது, சட்டி அடியில ஒட்டுற அந்த செவந்த கசடு தான் உங்க குழம்புக்கு உயிர். கறிய தட்டுக்கு மாத்தி அவன்ல வைங்க, 10 நிமிஷத்துல முதல் தடவ தெர்மாமீட்டர தடிச்ச எடத்துல நடுமத்திக்கு குத்திப் பாருங்க, அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ. பெரும்பாலும் 12லேர்ந்து 16 நிமிஷத்துல 61 வந்துரும், அத்தைக்கு உள்ளது இன்னும் மூணு நாலு நிமிஷம் கழிச்சு. வெளிய எடுத்து பலகையில 8 நிமிஷம் சும்மா விடுங்க, அலுமினியத் தாளால இறுக்கி மூட வேணாம், மூடினா மேல செவந்தது எல்லாம் வேர்த்து நமுத்து போயிரும்.

அந்த 8 நிமிஷமும் அதுக்கு முன்ன அவன் நேரமும் குழம்புக்கு. இன்னொரு சட்டியில எண்ணெயில்லாம அன்னாசித் துண்டுங்கள, ஒரு சென்டிமீட்டர் தடிமன், பாதி பழம் போதும், ஈரத்த ஒத்திட்டு போட்டு அசைக்காம ரெண்டு பக்கமும் கருஞ்சிவப்பா கோடு விழுற வரைக்கும் விடுங்க. கறி செவந்த சட்டியில சின்ன வெங்காயம் எட்டு பத்து மெல்லிசா வெட்டினது, இஞ்சி, ஒரு நட்சத்திர சோம்பு, கருவேப்பிலை ஒரு கொத்து, சீலிப்பாடி மொளகா ஒண்ணு கீறி போட்டு வதக்கி, ஒரு ஸ்பூன் கிச்சாப் மாசின் (உப்பு சோயா சாஸ்), முக்கால் கப் தண்ணி விட்டு அடியில ஒட்டினத கரண்டியால சொரண்டி எடுங்க. பாதி சுண்டினதும் அன்னாசிய போட்டு ஒரு கொதி, ருசி பாத்துட்டு புளிப்பு பத்தலன்னா லிமாவ் கஸ்தூரி, ரொம்ப புளிச்சா குலா மலாக்கா, ஆறின கறியிலேர்ந்து பலகையில வடிஞ்ச சாறையும் அதுலயே ஊத்துங்க, அத கீழ கொட்டுறவன் சமையக்காரனே இல்ல. அடுப்ப அணைச்சுட்டு ஃப்ரிட்ஜ் பட்டர் 25 கிராம துண்டு துண்டா போட்டு சட்டிய ஆட்டி கலக்குங்க, கொதிக்க விட்டா பட்டர் பிரிஞ்சு எண்ணெயா மெதக்கும். கறி மேல பளபளன்னு இனிப்பு பூசணும்னு ஆசையா இருந்தா கடைசி 4, 5 நிமிஷத்துல மட்டும் பூசுங்க, ஆரம்பத்துலயே பூசினா 200 டிகிரியில சீனி கருகி கசக்கும். நாருக்கு குறுக்கால ஒண்ணரை விரல் தடிமன்ல வெட்டி, அன்னாசி மேல அடுக்கி, குழம்ப ஊத்துங்க.

மாமா அத்தை வெஸ்டர்ன் ருசிய அவ்ளோ ரசிக்க மாட்டாங்கன்னு தோணுச்சுன்னா இன்னொரு வழி, எனக்கு இது தான் உங்க விருந்துக்கு பொருத்தம்னு படுது. பழத்துக்கு பஜெரி நெனாஸ் செஞ்சுருங்க, மலாய்க்காரங்க கெண்டூரி விருந்துல வைக்கிற அதே அன்னாசிப் பஜெரி: பட்டை கிராம்பு நட்சத்திர சோம்பு தாளிச்சு, வெங்காயம், கறித்தூள், அன்னாசி, கொஞ்சம் சீனி, கடைசியில வறுத்து இடிச்ச தேங்கா கெரிசிக் போட்டு கெட்டியா எறக்குறது. அத காலையிலயே செஞ்சு வச்சுரலாம், சாயங்காலம் இன்னும் நல்லாருக்கும். ராத்திரி கறிய மட்டும் மேல சொன்ன மாதிரி செஞ்சு வெட்டி பக்கத்துல வைங்க, சூடா சோறு, ஒரு கீரை, ஒரு ரசம். அவங்களுக்கு தெரிஞ்ச ருசியில ஒண்ணு, புதுசுல ஒண்ணுன்னு இருந்தா யாரும் மொகம் சுழிக்க மாட்டாங்க. சீன சமையல்ல கறிய சோடாமாவுல பெரட்டுவாங்களே அத பண்ணலாமான்னு கேட்டிருந்தீங்க, மெல்லிசா சீவி குவாலியில பொரட்டுற கறிக்கு அது நல்ல வேலை செய்யும், முழுத் துண்டுக்கு வேணாம். சமைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன கறிய வெளிய எடுத்து வைக்கணுமாங்கிறதுக்கு ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, நான் பாத்த வரைக்கும் இந்த தடிமன்ல பெரிய வித்தியாசம் இல்ல, 30 டிகிரி வெக்கையில ஒரு மணி நேரம் பச்சக்கறிய வைக்கிறதுக்கு எனக்கு மனசு வராது.

கடைசியா உங்க முஸ்லிம் கூட்டாளி ஒருத்தரையும் அன்னைக்கே கூப்பிட்டு அவருக்கு மட்டும் கோழி தனியா செய்யலாமான்னு கேட்டீங்க. ஒரே அவன், ஒரே சட்டி, ஒரே பலகை இருக்கிற கிச்சன்ல தனியா செஞ்சாலும் அது அவருக்கு ஆகாது, பன்னிக்கறி பட்ட பாத்திரத்த அவங்க முறைப்படி சுத்தம் பண்றது நம்ம சோப்பு போட்டு கழுவுறது மாதிரி இல்ல. அவர் மரியாதைக்கு வந்து உக்காந்துட்டு தண்ணி கூட குடிக்க தயங்குவார், உங்களுக்கும் சங்கடம். நேரா அவர்கிட்ட சொல்லிட்டு வேற ஒரு நாள் ரெண்டு குடும்பமா அவருக்கு புடிச்ச ஹலால் கடைக்கு போயிருங்க, சனிக்கிழமைய மாமா அத்தைக்கு விட்டுருங்க. மிச்சம் கறி இருந்தா ஞாயித்துக்கிழமை திரும்ப அவன்ல சூடு பண்ணாதீங்க, காஞ்சிரும், பொடியா வெட்டி கருவேப்பிலையோட முட்டைபோட்டு சோறு பொரட்டுறப்போ கடைசி நிமிஷத்துல சேத்தா போதும்.